முள்ளு பாதையா, தார் ரோடா? மலை சைக்கிளுக்கு டயர் வாங்கும் முன் திருச்சிக்காரர்கள் பார்க்க வேண்டியவை

காலை ஆறு மணி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மலை சைக்கிள் மாம்பழச் சாலையைத் தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறுகிறது. டயர் தாரில் உரசும் சத்தம் 'ர்ர்ர்' என்று பின்னால் வருபவருக்கும் கேட்கிறது. வார நாளில் இந்த சைக்கிள் தில்லைநகர் ஆபீஸுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடக் கரை மண்பாதையில் இறங்கும். திரும்பி வரும்போது எங்கோ ஓர் இடத்தில் 'உஸ்ஸ்'. அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டே பஞ்சர் கடை தேட வேண்டியதுதான்.

"இந்த டயர் இதுக்கு மேல தாங்காது தம்பி, மாத்திருங்க." பஞ்சர் கடை அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் எதை வாங்கி மாற்றுவது? அதே டயரா, மூன்று மடங்கு விலையுள்ளதா, மேடு பள்ளமே இல்லாத வழவழப்பான டயரா?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஆசையாக வாங்கிய பல சைக்கிள்கள் அபார்ட்மென்ட் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்பதற்குக் காரணம், அடிக்கடி இறங்கும் காற்றுதான். அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. சைக்கிளில் தரையைத் தொடுவது இரண்டே இரண்டு இடங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுகூட இருக்காது. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் அந்த இரண்டு இடங்களை நம்பித்தான்.

மலைக்குப் பிறந்த டயர், பாலத்தில் ஓடுகிறது

மலை சைக்கிளின் கதை 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ அருகே மரின் கவுன்டியில், டமல்பாய்ஸ் மலையின் மண்பாதைகளில், சில இளைஞர்கள் பழைய பருமனான டயர் சைக்கிள்களைச் சீர்செய்து இறக்கத்தில் ஓட்டினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்த பிறகு இது பெரிய அளவில் தயாரிக்கப்படும் சைக்கிள் ஆனது.

அந்த டயரில் கட்டிகட்டியாக இருக்கும் ரப்பர் மேடுகள், நாப் என்று சொல்லப்படுபவை, மண்ணுக்குள் பல் போலப் பதிந்து பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. மண் இளகியது, மேடு உள்ளே இறங்கும். தார் அப்படி இளகாது. அங்கே மேடுகள் பதிய முடியாமல், ஒவ்வொன்றும் நசுங்கி நசுங்கி எழும். அந்த நசுக்கலில்தான் உங்கள் கால் பலம் வீணாகிறது. அந்த 'ர்ர்ர்' சத்தமும் அதுதான்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தார் ரோட்டில் மேடு அதிகமுள்ள டயருக்கு, வழவழப்பான டயரைவிடப் பிடிப்பு குறைவு. ஏனென்றால் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவு. "மழையில வழுக்காதா?" என்று கேட்கலாம். கார் டயரில் கோடுகள் வெட்டியிருப்பது, வேகமாகப் போகும்போது அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற. 40 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் தண்ணீர் மேல் மிதக்க, மணிக்குக் கிட்டத்தட்ட 100 கி.மீ. வேகம் வேண்டும். காவிரிப் பாலத்தில் யாரும் சைக்கிளை அந்த வேகத்தில் ஓட்டப்போவதில்லை. ஈர ரோட்டில் சைக்கிளை வழுக்க வைப்பது எண்ணெய்ப் படலம், வெள்ளைக் கோட்டுப் பெயின்ட், இரும்புத் தகடு ஆகியவைதான். அவற்றின் மேல் எந்த டயரும் நம்பகமில்லை. நேராகக் கடக்க வேண்டும், அதன் மேல் பிரேக் போடக் கூடாது.

முதலில் பாதையைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு போடுங்கள். மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் தாரில், எத்தனை கிலோமீட்டர் மண்ணில்? திருச்சியில் பாதைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, நகரத்து ரோடு. சத்திரம் பேருந்து நிலையம், தில்லைநகர், கன்டோன்மென்ட், துவாக்குடி வரை போகும் தஞ்சை ரோடு. இங்கே எதிரி முள் அல்ல. குழியும் கண்ணாடித் துண்டும், லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித் துண்டும்தான். பாலங்களின் இணைப்பு இடைவெளிகளும் சேர்த்தி. 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 இறுதியில் மூடி, சீரமைத்து, 2023-ல் திறந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இணைப்பில் காற்று குறைந்த டயர் 'டக்' என்று இறங்கினால், டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கும்.

இரண்டு, கரைப்பாதை. முக்கொம்பு முதல் கல்லணை வரை காவிரி, கொள்ளிடக் கரைகள், மேலூர் பக்கம், உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம். காய்ந்த நாளில் இறுகிய மண், நடுநடுவே மணல். மழை பெய்தால் அதே இடம் வண்டல் சேறு. இவற்றோடு முள்ளும் சேரும்.

மூன்று, மலை. துறையூர் வழியாகப் பச்சைமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை. இங்கே ரோடு பெரும்பாலும் தார்தான். ஏற்றத்தில் எடை குறைந்த டயர் உதவும், இறக்கத்தில் நல்ல பிடிப்பு வேண்டும். பிரதான ரோட்டை விட்டுக் கல் பாதையில் இறங்கினால் மட்டுமே பெரிய மேடுகள் தேவைப்படும்.

தினசரி ஆபீஸ், ஞாயிறு கரைப்பாதை என்று ஓட்டுபவருக்குப் பொருத்தமானது நடுவில் தொடர்ச்சியான பட்டையும் இரு ஓரங்களில் மேடுகளும் உள்ள டயர். நேராகப் போகும்போது நடுப்பட்டை தாரில் ஓடும். மண்ணில் சாயும்போது ஓர மேடுகள் பிடிக்கும். முழுக்க முழுக்கத் தாரில் ஓட்டுபவர் 1.5 முதல் 1.75 அங்குல வழவழப்பான டயருக்கு மாறலாம். முதல் நாளே, "சைக்கிள் புதுசு மாதிரி இருக்கே" என்று தோன்றும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உங்கள் ரிம் அந்த அகலத்தை ஏற்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

26 என்றால் எந்த 26?

டயர் வாங்குவதில் அதிகம் ஏமாறும் இடம் அளவு. "26 இன்ச் டயர் குடுங்க" என்று கேட்டால் போதாது. மலை சைக்கிளின் 26 வேறு, பழைய லேடீஸ் சைக்கிளின் 26 வேறு.

டயரின் பக்கவாட்டில் 50-559 போல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

மலை சைக்கிளில் 26 x 1.95, 26 x 2.1 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் விட்டம் 559. பழைய மாடல் சைக்கிளில் 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 590. இரண்டுக்கும் 31 மி.மீ. வித்தியாசம், ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தவே பொருந்தாது. 27.5 அங்குலத்துக்கு 584. 29 அங்குலத்துக்கு 622. ரோடு சைக்கிளின் 700சி-யும் அதே 622தான். அப்பா காலத்துப் பெரிய சைக்கிளின் 28 x 1½ டயருக்கு 635.

அகலத்தை அதிகமாக்க ஆசைப்பட்டால் முதலில் ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் குறைந்தது ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மழை நாளில் வாழைத்தோப்பு சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும்.

நெருஞ்சியும் சீமைக் கருவேலமும்

கரைப்பாதையில் பஞ்சர் போடும் முள் முக்கியமாக இரண்டு வகை. நெருஞ்சிக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரே 'பஞ்சர் கொடி' என்று பொருள்படும். அதன் காய் காய்ந்ததும் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் கெட்டியான முட்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இந்தச் செடியின் தொல்லையைக் குறைக்க 1961-ல் அதைத் தின்னும் வண்டுகளையே கொண்டுவந்து விட்டார்கள். நல்லவேளையாக, நெருஞ்சி முள் குட்டை. டயரின் ரப்பர் தடிமனாக இருந்தால் டியூப் வரை எட்டாது.

சீமைக் கருவேல முள் அப்படியல்ல. ஐந்து சென்டிமீட்டர் வரைகூட வளரும். காய்ந்த கிளை பாதையில் கிடந்தால், விலை உயர்ந்த டயரையும் துளைத்துக்கொண்டு போகும். இதற்கு எதிராக மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பாதுகாப்புப் பட்டை உள்ள டயர். மேல் ரப்பருக்கும் துணி அடுக்குக்கும் நடுவே ஒரு கூடுதல் அடுக்கு வைத்திருப்பார்கள். ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் அந்த அடுக்கு 5 மி.மீ. தடிமன். கண்ணாடி, நெருஞ்சி, கம்பித் துண்டு எல்லாவற்றுக்கும் நல்ல தடுப்பு. விலையும் எடையும் கூடுதல்.

இரண்டாவது வழி, சீலன்ட் திரவம். ஓட்டை விழுந்ததும் காற்றோடு சேர்ந்து வந்து அடைத்துவிடும். டியூப்லெஸ் ரிம், டியூப்லெஸ் டயர் என்றால் இதுதான் முள்ளுக்குச் சிறந்த மருந்து. விலை குறைந்த மலை சைக்கிள்களின் ரிம் பெரும்பாலும் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதல்ல. ஆனால் வால்வின் உள்கம்பியைக் கழற்ற முடிகிற டியூப் என்றால், டியூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றலாம். திருச்சி வெயிலில் அது சில மாதங்களில் காய்ந்துவிடும். திரும்ப ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, நம்ம ஊர் வழி. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் வைப்பது. செலவு கிட்டத்தட்ட இல்லை. சின்ன முள்ளுக்குப் போதும். வண்டி கொஞ்சம் கனக்கும். கடையில் விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை வைத்தால், அதன் முனை டியூபை உரசி ஓட்டை போடாதபடி முனைகளைத் தேய்த்து வைப்பது நல்லது.

பஞ்சர் ஒட்டும்போது ஓட்டையைக் கேட்டுப் பாருங்கள்

ஒவ்வொரு ஓட்டையும் ஒரு செய்தி சொல்லும். டியூபின் வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டை என்றால் முள் அல்லது கண்ணாடி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கொத்தியதுபோல இருந்தால், காற்று குறைவாக வைத்து குழியில் இறக்கியிருக்கிறீர்கள். அதற்கு டயரை மாற்றிப் பயனில்லை. காற்றைச் சரியாக வைத்தாலே போதும். ரிம் பக்கமாக உள்ளே ஓட்டை என்றால் ஸ்போக் முனை குத்துகிறது, ரிம் டேப்பை மாற்ற வேண்டும்.

"நேத்துதான் ஒட்டினேன், இன்னைக்கு மறுபடியும் இறங்கிருச்சு" என்ற புலம்பலுக்கு முக்கியக் காரணம், முள் இன்னும் டயருக்குள்ளேயே இருப்பது. டியூபை ஒட்டினால் மட்டும் போதாது. டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்தால், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலால் தடவினால் கையைக் கிழித்துவிடும், கவனம்.

எவ்வளவு காத்து?

பிடிப்பு, ஆயுள், பஞ்சர் மூன்றையும் காசு செலவில்லாமல் மாற்றக்கூடியது காற்றின் அளவு. டயரில் எழுதியிருப்பது உச்ச அளவு; அந்த அளவுக்கு நிரப்ப வேண்டும் என்று பொருளல்ல.

70 கிலோ எடையுள்ள ஒருவர், சுமார் 2 அங்குல டயரும் டியூபும் வைத்திருந்தால், தாருக்கு முன்னால் 38, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். கரைப்பாதைக்கு முன்னால் 28, பின்னால் 33. எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். உடம்பின் பாரம் அதிகம் பின் சக்கரத்தில் விழுவதால் பின்னால் எப்போதும் கூடுதல் வேண்டும். மணலில் காற்று குறைந்தால் டயர் பரந்து மிதக்கும். அதே காற்றோடு பாலத்து இணைப்பில் இறங்கினால் பாம்புக்கடிதான். அளவுமானியுள்ள ஒரு கைப்பம்ப் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

"வெயில்ல நிறுத்தினா டயர் வெடிச்சிரும்" என்ற பயமும் உண்டு. கணக்குப் பார்த்தால், 25 டிகிரியில் 40 பிஎஸ்ஐ வைத்த டயர் 45 டிகிரிக்குச் சூடானால் ஏறுவது 4 பிஎஸ்ஐகூட இல்லை. நல்ல டயரை அது ஒன்றும் செய்யாது. பக்கவாட்டில் விரிசல் விட்ட டயரும், ரிம்மில் சரியாக உட்காராத டயரும்தான் வெடிக்கும். வெயில் செய்யும் நிஜமான கேடு மெதுவானது: ரப்பரைக் காயவைத்து, நுண்ணிய விரிசல் விட வைக்கும். அதனால் நிழலில் நிறுத்துங்கள்.

பிடிப்பும் உழைப்பும் எதிரெதிர்

மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் நிறைய நாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்பு குறையும். இரண்டும் ஒரே டயரில் முழுதாகக் கிடைக்காது. நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மென்மையாகவும் இரண்டு வகை ரப்பர் சேர்த்துச் செய்த டயர்கள் இருக்கின்றன. பட்ஜெட் இடம் கொடுத்தால் அது நல்ல சமரசம்.

டிபிஐ என்று ஓர் எண் எழுதியிருக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை நூலிழை என்பது அது. 120 என்றால் மெல்லிய நூல், எடை குறைவு, வளைந்து கொடுக்கும். 27 அல்லது 30 என்றால் தடித்த நூல், கனம், விலை மலிவு. எண் கூடினால் எல்லாமே உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். முள்ளும் கல்லும் உள்ள பாதைக்கு 30 முதல் 60 வரை தாராளம். அதுபோல ஓரத்தில் எஃகுக் கம்பி உள்ள டயர் மலிவு. மடிக்கக்கூடிய டயர் எடை குறைவு, விலை கூடுதல். ஆபீஸ் போய் வருபவர் அந்தக் கூடுதல் காசைப் பாதுகாப்புப் பட்டைக்குக் கொடுப்பது மேல்.

மலிவு எது? ஒரு கணக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் போக வர 12 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 300 கி.மீ. எடுத்துக்காட்டுக்கு இரண்டு டயர் எடுத்துக்கொள்வோம். புரிவதற்காக வைத்த எண்கள்தான் இவை. உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் டயர் 500 ரூபாய், 3,000 கி.மீ. உழைக்கிறது. மாதம் ஒரு பஞ்சர், அதாவது பத்து பஞ்சர். ஒன்றுக்கு 50 ரூபாய் என்றால் 500. மொத்தம் 1,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 33 காசு.

இரண்டாவது டயர் 1,500 ரூபாய், 6,000 கி.மீ. உழைக்கிறது. இருபது மாதத்தில் மூன்று பஞ்சர், 150 ரூபாய். மொத்தம் 1,650. கிலோமீட்டருக்கு 27.5 காசு. அதே இருபது மாதத்தில் ஆபீஸுக்கு லேட்டாகப் போகும் காலைகளும் இருபதிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. அந்த மிச்சத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

ஆனால் ஞாயிறு மட்டும் 5 கி.மீ. ஓட்டுபவருக்கு வருடத்துக்கு 260 கி.மீ.தான். டயர் தேயும் முன்பே ரப்பர் வயதாகி விரிசல் விடும். அவர் 1,500 ரூபாய் டயர் வாங்குவது வீண். லூதியானாவின் ரால்சன், ஹைதராபாத்தின் ஹார்டெக்ஸ் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளே போதும்.

ஒரே ஒரு டயருக்குத்தான் காசு இருக்கா?

அப்படியானால் புதிய, நல்ல டயரை முன் சக்கரத்தில் போடுங்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தேய்வது பின் டயர் என்பதால் புதியதைப் பின்னால் போட்டுவிட்டு, முன்னால் பழையதை விட்டுவிடுகிறார்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது, விழுந்த பிறகுதான் தெரியும். அதனால் முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றி, புதியதை முன்னால் போடுவதே முறை. பக்கவாட்டில் திசைக் குறி இருந்தால் அதன்படி மாட்டச் சொல்லுங்கள்.

நடுப்பட்டை முழுதாகத் தேய்ந்தது, உள்ளே நூல் தெரிகிறது, பக்கவாட்டில் விரிசல் ஆழமாகிவிட்டது: இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் மாற்றும் நேரம். எங்காவது புடைத்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். வழியில் டயர் கிழிந்தால் காலி டூத்பேஸ்ட் டியூபை வெட்டி உள்ளே வைத்து வீடு வரை வந்து சேரலாம். அதற்கு மேல் நம்பக் கூடாது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருநாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி இரண்டு டயரையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "நல்லதா ஒரு டயர் குடுங்க" என்று கேட்காதீர்கள். "அம்பது அஞ்சூத்து அம்பத்தொம்பது, நடுப்பட்டை உள்ளது, பஞ்சர் பட்டையோட, முன்னாடிக்கு" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார். அப்புறம் சரியான டயரை எடுத்து வைப்பார்.